நீலச் சட்டை போட்ட பதினைந்து பேர்

1

எங்கள் கடையின் வாசல் கண்ணாடியில் நான்கு செலோடேப் தடங்கள் இருக்கின்றன. சுரண்டிப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவியும் பார்த்தேன். பசை போய்விட்டது, தடம் போகவில்லை. வெயில் சாய்வாக விழுந்தால் நான்கு மூலையும் சேர்ந்து ஒரு தாள் அளவுக்குத் தெரியும். அந்தத் தாள் ஒட்டப்பட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம்.

வெளிர் நீலத் தாள். நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒட்டினார். இருபத்தெட்டு நாள் இது இங்கேயே இருக்க வேண்டும், எடுக்கக் கூடாது, மறைக்கக் கூடாது என்று சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் கெட்ட செய்தி எப்போதும் மரியாதையாகத்தான் வரும். யாராவது அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால் இன்றைக்கும் என் கண் முதலில் வாசல் கண்ணாடிக்குப் போகும்.

தாளில் இருந்த விஷயம் இதுதான். இந்தக் கடை வயது வராத பிள்ளைகளுக்கு மது விற்றிருக்கிறது. ஆகவே இதன் மது உரிமத்தைத் திரும்பவும் விசாரிக்கப் போகிறோம். ஏதாவது சொல்ல விரும்புகிறவர்கள் எழுதி அனுப்பலாம். கீழே உரிமதாரரின் பெயர். அது என் பெயர்.

நான் மயிலாப்பூர்க்காரி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். கணவர் பாஸ்கர் பஸ் ஓட்டுகிறார். பதினோரு வருஷமாகக் கடை என் பொறுப்பு. கீழே கடை, மேலே வீடு. ஒரே மகள் இலா, அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அந்த இருபத்தெட்டு நாளும் காலையில் கதவைத் திறக்கும்போது தாளின் பின்பக்கம்தான் என் கண்ணில் படும். எழுத்து இடவலம் மாறி, வெளிச்சத்தில் ஊறித் தெரியும். வருகிறவர்கள் வெளியே நின்று படித்துவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் படிக்காதவர்கள் போலப் பால் எடுப்பார்கள். எனக்கோ ஒவ்வொருவரிடமும் போய் விளக்கம் சொல்ல வேண்டும் போல நாக்கு துறுதுறுக்கும். என்ன விளக்கம்? விற்றது உண்மை.

2

எப்படி விற்றேன் என்று சொல்ல அப்பாவின் கடைக்குப் போக வேண்டும்.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. அப்பா தென்காசிப் பக்கம் என்பதால் எல்லாருக்கும் அது அண்ணாச்சி கடை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அக்கா வசந்தா வீட்டைப் பார்த்துக்கொண்டாள், நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகள்தான் அவர்களுக்குக் கால். "அண்ணாச்சி, தாத்தாவுக்கு மூக்குப்பொடி மட்டை ஒண்ணு. நேத்து வாங்கிண்டு போனதுல காரமே இல்லையாம்" என்று ஒரு பெண் வந்து நிற்கும். அது போவதற்குள், "ஒரு கட்டு பீடி குடு அண்ணாச்சி, நைனா வாங்கினு வரச் சொல்ச்சு" என்று ஆட்டோக்கார ஆறுமுகத்தின் மகன் வருவான். கொடுத்துவிடுவோம். பெரியவர் கேட்டனுப்பியதைப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்வது அந்தப் பெரியவர் முகத்தில் அடிப்பது மாதிரி.

ஆனால் அப்பா ஒன்று செய்வார். பொட்டலம் பையன் கைக்குப் போன உடனே எழுந்து வாசலுக்கு வந்து சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் விடுவார். "ஏ ஆறுமுகம்! உம்ம பையன் பீடி வாங்கிட்டு வாரான்!"

அந்தப் பக்கத்திலிருந்து, "வரட்டும், வரட்டும்" என்று பதில் வரும். ஒருநாள் மட்டும் வேறு மாதிரி வந்தது.

"இன்னாது? நான் எங்க அண்ணாச்சி சொன்னேன்? நானே பீடிய வுட்டு ஒரு வாரம் ஆவுது!"

பையன் பீடிக்கட்டை அரிசி மூட்டை மேல் போட்டுவிட்டு எடுத்தான் பாருங்கள் ஓட்டம். கடையில் நின்ற மாமி ஒருத்தி எண்ணெய்த் தூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கூப்பாடு அப்பாவின் வாய்ப்பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வந்து கடை போட்டபோது, பிள்ளை கேட்டால் கொடுப்பதை மட்டும் கூடவே கொண்டுவந்தேன். கூப்பாட்டை அந்தச் சந்திலேயே விட்டுவிட்டேன்.

3

முரளி கே.கே. நகர்க்காரர். இங்கே பொங்கல் விழாவில் பழக்கம். என்னை அக்கா என்பார். அவர் மகள் மித்ராவுக்குப் பதினைந்து வயது. பால் வாங்க அடிக்கடி வருவாள். ஒருநாள் பாலோடு ஒரு பெரிய பாட்டில் சைடரையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். ஆப்பிள் சாற்றில் செய்கிற சாராயம், பீர் மாதிரி.

"ஆன்ட்டி, அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

தமிழில் சொன்னாள். என் மகளிடம் நான் தமிழில் பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் ஆங்கிலத்தில் பதில் வரும். பதினொன்றாவதற்குத் தோளைக் குலுக்குவாள். அப்படி ஒரு வீட்டிலிருந்து கடைக்கு இறங்கி வருகிற என்னிடம் ஒரு பிள்ளை முழு வாக்கியமாகத் தமிழ் பேசினால் என்ன ஆகும்? எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே பையில் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். மூன்றாவது தடவை, "ஜில்லுனு இருக்கறத எடுத்துக்கோம்மா" என்று நானே சொன்னேன்.

அன்று சாயங்காலம் மித்ரா பூங்காவில் தோழிகளோடு அதைக் குடித்துவிட்டு, ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரப் பெண் கேட்டபோது கடையின் பெயர் வந்தது.

மறுநாள் முரளி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. பால் வைக்கிற ஃபிரிட்ஜ் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான் குடிக்கவே மாட்டேன்க்கா."

"தெரியாமப் போச்சு முரளி. அவ தமிழ்ல கேட்டாளா..."

"தமிழ்ல கேட்டா?"

நான் கல்லாவைத் திறந்து மூடினேன்.

"என் நம்பர் உங்ககிட்ட இருக்கு இல்ல? பொங்கலுக்குப் பாயசம் எத்தன லிட்டர்னு நாலு வாட்டி போன் பண்ணீங்க. இதுக்கு ஒரு வாட்டி பண்ணியிருக்கலாம்லக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு ஆறுமுகத்தின் குரல் கேட்டது.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டுமே. வந்தது, ஆனால் அரைகுறையாக. தமிழ்ப் பிள்ளை யார் உள்ளே வந்தாலும் சிப்ஸ் எடுத்தால்கூட உற்றுப் பார்ப்பேன். மூன்று வாரம் கழித்து வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். உயரமாக இருந்தாள். ஒயின் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். வெளியே ஒரு காரில் நடுத்தர வயது ஆள் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா காரில் இருக்கிறாரா?" என்று நானே கேட்டேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். நான் பையில் போட்டேன்.

காரில் இருந்தவர் அதிகாரி. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது, கடைகளைச் சோதிக்க அவர்கள் அழைத்து வந்த பெண். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவளுக்குப் பதிலாக நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நீலத் தாள் வந்தது அதற்குப் பிறகுதான்.

4

விசாரணைக்கு வரும்போது ரெஃப்யூசல் புக்கைக் கொண்டுவரவும் என்று கடிதத்தில் இருந்தது. வயது போதாதவர்களுக்குக் கொடுக்க மறுத்தால் அதை எழுதி வைக்கிற நோட்டு. உரிமம் வாங்குவதற்கான ஒரு நாள் வகுப்பில் கொடுத்தார்கள். பதினோரு வருஷமாக அது பேனாத் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. திறந்தால் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. ஒரு வரி இல்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். கடை நடத்திய குடும்பமாக இருந்தால் நிச்சயம் சிரிப்பீர்கள். அப்பா கடையில் தரை கழுவிய தேதி எழுத ஒரு நோட்டு உண்டு. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்தால் அதைத் தேடி எடுத்து என்னிடம் கொடுப்பார். ஒரே உட்காரலில் மூன்று மாதத்தை எழுதி முடிப்பேன். நீல மையில் நான்கு நாள், கறுப்பு மையில் மூன்று நாள், எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் நிமிர்த்து. "என் பொண்ணு எழுத்து அச்சடிச்ச மாதிரி" என்று வருகிறவரிடமே காட்டுவார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் எழுத்தை யாராவது மெச்சியது அந்த நோட்டுக்காக மட்டும்தான்.

தரையைத் தினமும் கழுவினோம், அது நிஜம். எழுதத்தான் மறந்துபோகும். இங்கே நடந்தது வேறு. இங்கே நான் எழுதியது எதுவுமே நடக்கவில்லை.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், மூன்று பேனாவோடு உட்கார்ந்தேன். பாஸ்கர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கு இந்த வேலை? காலி நோட்டு காலியாவே இருக்கட்டுமே."

"நீங்க சும்மா இருங்க. காலியா இருந்தா கடையப் பூட்டிடுவாங்க."

தேதி, நேரம் போட்டேன். ஆளின் அடையாளம் என்று ஒரு பத்தி. எனக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற ஆங்கிலம் கொஞ்சம். நீலச் சட்டை போட்ட பையன் என்று எழுதினேன், அது சரியாக வந்தது, அப்புறம் அதையே எழுதினேன். என்ன நடந்தது என்று ஒரு பத்தி. கொடுக்க மாட்டேன் என்றேன், சாரி சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு பக்கத்தில் கொஞ்சம் டீயைச் சிந்தினேன், பழசாகத் தெரியட்டும் என்று.

கடைசிப் பத்தி, உடன் இருந்தவர் பெயர். பாஸ்கர் பெயரைப் போடலாம் என்றால் அவர் பஸ்ஸில் இருந்ததற்கு அவர் ஆபீசில் கணக்கு இருக்கும். சனிக்கிழமைகளில் எனக்கு அலமாரி அடுக்கித் தருகிறவள் இலா. இலா என்று எழுதினேன். பதினைந்து வரிக்கும் இலா.

அவள் தண்ணீர் குடிக்க வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஹோம்வொர்க்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

5

நகர மன்றத்தில் ஒரு சாதாரண அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று உறுப்பினர்கள். நடுவில் இருந்த அம்மாள் தலைவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர், காரில் இருந்த அதிகாரி, இந்தப் பக்கம் நாங்கள் மூவர். எனக்குப் புரியாததைச் சொல்ல இலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது எனக்கு. அந்தப் பரீட்சையைத்தான் நான் எழுதவே இல்லையே.

போலீஸ்காரர் மித்ராவின் தையலைப் பற்றிச் சொன்னார். அதிகாரி, அப்பா காரில் இருக்கிறாரா என்று நான் கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் படித்தார். தலைவர் அம்மாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"மிஸஸ் பாஸ்கர், இவர்கள் எல்லாருமே நீலச் சட்டையா?"

"எஸ் மேடம்."

"எல்லாருமே சாரி சொன்னார்களா?"

"எஸ் மேடம்."

"பதினைந்து பேரும்?" என்று கேட்டுவிட்டு, "நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நான்தான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது" என்றார். போலீஸ்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். என் காது மடல் இரண்டும் சுட்டன.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இந்த இலா யார்?"

"நான்தான்" என்றாள் இலா.

"இது நடந்தபோதெல்லாம் நீ கடையில் இருந்தாயா?"

இலா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கையைக் கோத்து, கட்டைவிரல் நகத்தால் இன்னொரு கட்டைவிரலைக் கீறிக்கொண்டிருந்தாள். அது என் பழக்கம். அவள் வாய் திறந்தது. ஆமாம் என்று சொல்லப் போகிறாள். எனக்காகச் சொல்லப் போகிறாள். அவளுக்கு என் மேல் இருக்கிற கோபத்துக்கும் சங்கடத்துக்கும் அடியில் அது இருந்திருக்கிறது, அதைப் போய் நான் இப்படிச் செலவழிக்கப் பார்த்தேன்.

எழுந்துவிட்டேன். எழச் சொல்லாமல் எழக் கூடாதோ என்னவோ.

"நோ மேடம். ஷி நாட் தேர். நோபடி தேர். நோ பாய், நோ புளூ ஷர்ட். ஐ ரைட் ஆல், லாஸ்ட் சண்டே, டைனிங் டேபிள்."

அறையில் யாரோ பேனாவைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. இலா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள், மெதுவாக இல்லை.

பிள்ளைகளுக்கு விற்றதைவிட இந்த நோட்டுதான் தனக்கு அதிகக் கவலை தருகிறது என்று தலைவர் அம்மாள் சொன்னார். மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். உரிமத்தை ரத்து செய்யவில்லை. ஆறு வாரம் நிறுத்தி வைத்தார்கள். நான் திரும்பவும் வகுப்புக்குப் போக வேண்டும், இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிகிற யாரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டும், நோட்டை மாதாமாதம் காட்ட வேண்டும். உண்மையைச் சொன்னதற்காகச் சலுகை இல்லை, இதுவரை எந்தப் புகாரும் இல்லாததால்தான் என்று தெளிவாகவே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் இலா வேறு ஸீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள், ஆங்கிலத்தில். என் பெயரை ஏன் போட்டாய்?

"கடைல வேற யாரும்மா இருக்கா?" என்றேன்.

அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவள் கடைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வாசலைச் சுற்றிப் பக்கத்துப் படி வழியாக மாடிக்குப் போவாள்.

6

அந்த ஆறு வாரமும் பாட்டில் அலமாரியை மூடி வைக்க வேண்டியிருந்தது. பெரிய துணியாக வேண்டும். பீரோவைத் திறந்து பழைய புடவைகளை எடுத்துக் கட்டினேன். நான்கு புடவை பிடித்தது.

இங்கே இன்னொரு வெட்கத்தையும் சொல்ல வேண்டும். ஆதம்பாக்கத்தில் இருக்கிற அக்கா வசந்தாவுக்கு, நான் வைத்திருப்பது பால், பிரெட், பேப்பர் விற்கிற கடை. பதினோரு வருஷமாக அப்படித்தான். ஒயின் ஷாப் இருக்கிற பக்கம் எங்கள் வீட்டுப் பெண்கள் நடக்கக்கூட மாட்டோம், எதிர்ப்பக்கம் போய்ச் சுற்றி வருவோம். அந்த வீட்டுப் பெண் அதையே விற்கிறாள் என்று எப்படிச் சொல்வது? வீடியோவில் பேசும்போது பின்னால் பிஸ்கட் அலமாரி மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைப்பேன்.

புடவை கட்டிய வாரம், வரவேண்டிய பால் வரவில்லை என்ற பதற்றத்தில் அக்காவோடு பேசும்போது போனை வேறு பக்கமாக வைத்துவிட்டேன்.

"ஏய், அது தி.நகர்ல நான் வாங்கிக் குடுத்த மஞ்சள் சுங்குடி இல்ல? அது ஏண்டி அங்க தொங்குது?"

"சும்மாக்கா. தூசி..."

"தூசிக்குப் புடவையா? பின்னாடி என்ன வச்சிருக்க?"

வாயில் வந்த பொய்கள் நாலைந்து. எல்லாவற்றையும் விழுங்கினேன். பாட்டிலில் ஆரம்பித்து நோட்டு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷமா பிஸ்கட்டையே காட்டினியேடி. அந்த ஊர்ல எல்லாரும் பிஸ்கட்ட மட்டுமே திங்கறாங்க போலன்னு உங்க அத்தான்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன் நான்."

சிரித்தேன், அழுதேன். அவள் சிரிக்கவில்லை.

"கடைய விடு. அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாப்ப?"

எந்தப் பெண் என்று கேட்டேன். மித்ராவைச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"உன் பொண்ணத்தான்டி."

7

பாட்டில் அலமாரியைத் திறந்த பிறகு இருபத்திரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிஜமான இருபத்திரண்டு. நீலச் சட்டை ஒன்றுகூட இல்லை. சாரி சொன்னவர்கள் இரண்டு பேர். உடன் இருந்தவர் பெயருக்கான கடைசிப் பத்தியை மட்டும் எல்லா வரியிலும் காலியாக விட்டிருக்கிறேன்.

மித்ரா சில மாதம் வரவில்லை. ஒருநாள் வந்தாள், தாடையில் தழும்போடு, பாலுக்கு. பால்தான். ஆனாலும் அவள் நிற்கும்போதே போனை எடுத்தேன்.

"முரளி, மித்ரா பால் வாங்கிட்டு வர்றா."

அவள் கண்ணை மேலே உருட்டினாள். அந்தப் பக்கம் முரளி சொன்னார். "ரெண்டு லிட்டர் சொல்லியிருந்தேன்க்கா. ஒண்ணுதான் எடுத்திருப்பா, பாருங்க."

ஒன்றுதான் எடுத்திருந்தாள்.

போன சனிக்கிழமை காலை பக்கத்துப் படிக் கதவின் பூட்டு மக்கர் செய்தது. இலா வேறு வழியில்லாமல் கடை வழியாக வந்தாள். சிப்ஸ் அலமாரியைத் தாண்டும்போது ஒருவன் உள்ளே வந்து ஆறு பீர் கேன்களை மேஜையில் வைத்தான். லேசான தாடி. இருபது இருக்கலாம், பதினேழும் இருக்கலாம்.

வயதுச் சான்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றான். எடுத்து வா என்றேன். அண்ணன் வெளியே நிற்கிறான், அவனுக்குத்தான் என்றான். அப்படியானால் அண்ணன் வந்து வாங்கட்டும் என்றேன். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், என் நிறத்தையும் சேர்த்துச் சொன்னான். போகும்போது கதவை ஓர் உதை. கண்ணாடி அதிர்ந்து நின்றது.

நோட்டை எடுத்தேன். தேதி. நேரம். கறுப்பு ஜாக்கெட், தாடி. கதவை உதைத்தான். சாரி சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

இலா இன்னும் போகவில்லை. மேஜைக்கு வந்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். வரியைப் படித்தாள். அதற்கு மேலே காலியாக நின்ற கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் பாத்தேனே" என்றாள். தமிழில்.

பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னதாக, வலப்பக்கம் சரிந்து, முதல் எழுத்தைப் பெரிதாக வளைத்து எழுதுகிறாள். நான் பதினைந்து தடவை எழுதியது போல ஒரு எழுத்துகூட இல்லை.